109 பிக்கப்புக்கு செர்வோ வைக்கலாமா?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது ஏலத்தில் எடுத்த 1968 லேண்ட் ரோவர் 109 பிக்கப், சீரிஸ் 2ஏ. பழைய பெட்ரோல் இன்ஜின் எப்போதோ போய்விட்டது, இப்போது இசுசு டீசல் ஓடுகிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் உருளைக்குள் ஷூ விரிந்து உரசி நிறுத்துவது), செர்வோ (கால் மிதிக்குக் கூடுதல் பலம் கொடுக்கும் டப்பா) கிடையாது. அடிவாரத் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ரிங்லெட்டுக்குச் சாமான் ஏற்றிப்போக ஆசை. "பிரேக் மிதி கல் மாதிரி இருக்கு, ஏறி நின்னாத்தான் வண்டி நிக்குது. ஹாஃப்-கட் கடையில் ஒரு ஜப்பான் செர்வோ பார்த்து வெச்சிருக்கேன், அதை மாட்டினா பவர் பிரேக் ஆயிடுமா?" என்பது கேள்வி.

மாட்டலாம். ஆனால் அந்தப் பழைய சாமான் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) இன்னும் காசு கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

109 புதிதாக வந்தபோதே செர்வோ இல்லாமல்தான் பல வண்டிகள் வந்தன. தோட்டத்து டிரைவர்கள் அதில் உர மூட்டையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு, செம்மண் சரிவில் ஒரே காலால் மிதித்து நிறுத்தினார்கள். மிதி கனமாகத்தான் இருக்கும், கல்லாக இருக்காது. உங்கள் வண்டியில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது என்றால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. கெட்டதைச் சரிபார்க்காமல் செர்வோ வைத்தால் கெட்டது அப்படியே இருக்கும், உங்கள் காலுக்குத் தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் மலைமேல் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் இதே 109-ஐ, இதே குறையோடு, இதே கேள்வியோடு கொண்டுவந்தார். பின் டிரம் இரண்டையும் கழற்றினேன். இடதுபக்க டிரம் உள்ளே கறுப்பாக, பளபளவென்று, இட்லிச் சட்டிக்கு எண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. ஹப் சீல் போய், டிஃப்ரென்ஷியல் ஆயில் ஆக்சில் குழாய் வழியாக வந்து பிரேக் ஷூவை ஊற வைத்திருந்தது. விரலை வைத்தால் வழுக்கியது. வலதுபக்கத்தில் ஆயில் இல்லை. ஆனால் ஷூவைத் தள்ளும் வீல் பம்பின் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, ஷூ அசையவே இல்லை. ஆக, வண்டி நின்றதெல்லாம் முன்சக்கரம் இரண்டில் மட்டும். இரண்டு சீல், புது ஷூ, நான்கு வீல் பம்ப், ரப்பர் ஹோஸ் மாற்றியதும் ஒற்றைக் காலில் நின்றது. செர்வோ வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் வண்டியிலும் முதலில் நான்கு டிரம்மையும் திறங்கள். முன்சக்கரம் திரும்புவதற்கான ஸ்விவல் உருண்டையிலிருந்து ஆயில் கசிந்து உள்ளே வருகிறதா, ஷூ கண்ணாடி போல் பளபளத்துக் கிடக்கிறதா, பிஸ்டன்கள் விரலால் தள்ளினால் நகர்கின்றனவா என்று பாருங்கள். சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ரப்பர் ஹோஸை மறக்க வேண்டாம். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே ஊதி அடைத்துக்கொண்டிருக்கும். மிதித்தால் பிரேக் ஆயில் மெதுவாகத்தான் போகும், விட்டால் திரும்பி வராது. பழைய ஷூவின் தூசியைக் கம்ப்ரஸர் வைத்து ஊதக் கூடாது. ஷூ மேல் ஒட்டியிருக்கும் அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். ரப்பர் இருக்கும் எந்தச் சாமானையும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். ஆயில் குறைந்தது என்று இன்ஜின் ஆயிலைப் பிரேக் டப்பாவில் ஊற்றிய டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்தில், மிதி தள்ளும் மாஸ்டர் பம்பிலிருந்து கடைசி வீல் பம்ப் வரை எல்லா ரப்பரும் ஜெல்லி.

சரி, இவ்வளவும் செய்தாயிற்று, பிரேக் பிடிக்கிறது, ஆனாலும் மலைப்பாதைக்குக் கால் வலிக்கிறது என்கிறீர்கள். இப்போது செர்வோவைப் பற்றிப் பேசலாம்.

செர்வோ என்பது ஒரு தகர டப்பா, நடுவே ரப்பர் சவ்வு. சும்மா இருக்கும்போது சவ்வின் இரண்டு பக்கமும் வேக்குவம், அதாவது வெற்றிடம். நீங்கள் மிதித்ததும் உள்ளே ஒரு சின்ன வால்வு, மிதிப் பக்கத்து அறையை வேக்குவத்திலிருந்து பிரித்து, வெளிக்காற்றை அதற்குள் விடுகிறது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெற்றிடம். காற்று சவ்வைத் தள்ளுகிறது, சவ்வு மாஸ்டர் பம்பைத் தள்ளுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் பலம் தெரியும். நீங்கள் 30 கிலோ அழுத்தி மிதிக்கிறீர்கள், மிதியின் நெம்பு (கால் பலத்தைப் பெருக்கும் அளவு) 6 மடங்கு என்றால் மாஸ்டர் பம்பில் விழுவது 180 கிலோ. பம்பின் துளை 1 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு சுமார் 5 சதுர செண்டிமீட்டர். ஆக, குழாயில் அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 36 கிலோ. இப்போது 9 அங்குல செர்வோவை எடுத்துக்கொள்ளுங்கள். சவ்வின் பரப்பு சுமார் 410 சதுர செண்டிமீட்டர். பாதரச அளவில் 20 அங்குல வேக்குவம் இருந்தால் சதுர செண்டிமீட்டருக்கு 0.69 கிலோ வீதம், சவ்வு மட்டும் 280 கிலோவுக்குத் தள்ளும். 7 அங்குல செர்வோ என்றால் 170 கிலோதான். அளவில் 2 அங்குலம்தான் வித்தியாசம், பலத்தில் 110 கிலோ போய்விட்டது. ஹாஃப்-கட் கடையில் சின்ன காரிலிருந்து கழற்றிய செர்வோவைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

இந்த 280 கிலோவும் வேக்குவம் இருக்கும் வரைதான். நம் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு பழைய கெட்ட பழக்கம் உண்டு: இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவது. அப்பா ஓட்டிய வண்டி என்பதால் நீங்களும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அப்படி வந்திருப்பீர்கள். செர்வோ இல்லாத வண்டியில் அது தப்பு. செர்வோ வைத்த வண்டியில் அது தற்கொலை. இன்ஜின் அணைந்ததும் டப்பாவில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். அதற்கப்புறம் மிதி இறுகும். செர்வோவுக்கென்று பெரிய மாஸ்டர் பம்பும் குறைந்த நெம்பும் வைத்திருந்தால், செர்வோ வைப்பதற்கு முன் இருந்ததைவிட இன்னும் கனமாக இருக்கும். வண்டியை வேறு யாராவது எடுத்து ஓட்டுவார்கள் என்றால் இதை அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் வண்டியில் பிரேக் ஒரே லைன். மாஸ்டர் பம்பிலிருந்து புறப்படும் ஒரே ஆயில்தான் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. எங்கே ஓட்டை விழுந்தாலும் நான்கும் போச்சு. எனக்குப் பத்தொன்பது வயது, வேலை பழகும் பையன், முதலாளியோடு ஒரு 109-இல் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு மேலே ஒரு வளைவில் அவர் மிதித்தார், மிதி தரை வரை போனது. திரும்ப மிதித்தார், காற்றை மிதிப்பது போல் போனது. பின் ஆக்சில் குழாய் துருவில் அரித்து உடைந்திருந்தது, பிற்பாடுதான் தெரிந்தது. இரண்டாவது கியரில் இருந்தோம், அது ஒன்றுதான் காப்பாற்றியது. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வண்டியை மலைப்பக்கத்து வாய்க்காலில் இறக்கி நிறுத்தினார். வாய்க்கால் சுவரில் இடித்து பம்பர் வளைந்தது, எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம். அந்த வண்டிக்கு எவ்வளவு பெரிய செர்வோ இருந்திருந்தாலும் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

அந்த ஹேண்ட்பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. லேண்ட் ரோவரில் அது சக்கரத்தில் பிடிப்பதில்லை. முன் பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் பாக்ஸுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் தனி டிரம் இருக்கிறது, அதில் பிடிக்கும். செர்வோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வண்டி நின்ற பிறகு போடுவதற்காகச் செய்தது அது. ஓடும்போது சடாரென்று இழுத்தால் பின் ஆக்சில் ஷாஃப்ட் முறியக்கூடும், முறிந்தால் ஹேண்ட்பிரேக்கும் போய்விடும். முதலாளி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தது அதனால்தான்.

ஆகவே மலைக்குப் போகும் உங்கள் வண்டிக்கு என் வரிசை இது: முதலில் சக்கரங்கள், பிறகு இரட்டை லைன் மாஸ்டர் பம்ப், அப்புறம்தான் செர்வோ. நல்ல வேளையாகக் கடைசி இரண்டும் ஒரே செட்டில் கிடைக்கும். 1971-இல் வந்த சீரிஸ் 3-இல் செர்வோவும் இரட்டை லைன் மாஸ்டர் பம்பும் மிதிப் பெட்டியோடு சேர்ந்த வண்டிகள் உண்டு. பழைய லேண்ட் ரோவர் உடைப்பவர்களிடம் அந்த முழுப் பெட்டியையும் கேளுங்கள்: மிதி, பெட்டி, செர்வோ, பம்ப், நான்கும் ஒன்றாக. 2ஏ-யின் முன்சுவரில் போல்ட் போட்டு உட்காரும். பைப்பைத்தான் புதிதாக வளைக்க வேண்டியிருக்கும். அந்த மிதியின் நெம்பு செர்வோவுக்கென்றே செய்தது, அதனால்தான் பெட்டியோடு கேட்கச் சொல்கிறேன். பழைய தகர டப்பா, அதுதான் உங்கள் வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் சேர்த்து ஆயில் வைக்கும் டப்பா, இனி கிளட்சுக்கு மட்டும். பிரேக்குக்குப் போன வாயை அடைத்துவிடுங்கள்.

ஜப்பான் செர்வோவை வெல்டிங் செய்து மாட்டுவதை நான் அடியோடு மறுக்கவில்லை, நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் நடப்பது இப்படி. பழைய மிதியை அப்படியே வைத்து அதன் முன்னால் செர்வோவைத் தள்ளுவார்கள். நெம்பு 6 மடங்கு, அதற்கு மேல் செர்வோ. விரல் பட்டாலே பிரேக் பிடிக்கும். காலியாக ஓடும் பிக்கப்பின் பின்பக்கத்தில் எடையே இல்லை. ஈரத் தார்ச்சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டி, வால் முன்னே வரும். செர்வோ வண்டிக்குச் சுமார் 4 மடங்கு நெம்பு போதும். மிதியின் ஆணியிலிருந்து கால் வைக்கும் தகடு வரை ஒரு அளவு, ஆணியிலிருந்து தள்ளுகம்பி மாட்டும் துளை வரை ஒரு அளவு எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நெம்பு தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஜப்பான் மாஸ்டர் பம்ப் முன்னால் டிஸ்க் உள்ள வண்டியினுடையதாக இருக்கும். 109-இன் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் பம்ப். நான்கையும் நிரப்ப எவ்வளவு ஆயில் தள்ள வேண்டும் என்று அந்தப் பம்பைச் செய்தவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். சின்னத் துளைப் பம்ப் என்றால் மிதி பாதி தூரம் வெறுமனே போகும்.

வீடியோவில் அமெரிக்கக்காரர்கள் செவ்ரோலெட் சி10, ஃபோர்டு எஃப்-100 ஆகியவற்றுக்கு ஒரு மத்தியானத்தில் பவர் பிரேக் மாற்றுவதைப் பார்த்து நீங்களும் நினைத்திருக்கலாம். அவர்களுக்கு எல்லாம் பெட்டியில் வந்துவிடுகிறது. அங்கே 1967-லேயே இரட்டை லைன் வந்துவிட்டது, சி10-க்கு 1971-இலிருந்து முன் டிஸ்க்கே வந்துவிட்டது. பெட்ரோல் வி8 இன்ஜின், இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் ஒரு குழாயைச் சொருகினால் வேக்குவம் தயார். உங்கள் வண்டிக்கு அந்த வசதி கிடையாது.

ஏனென்றால் டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் தகடு இல்லை. காற்று தாராளமாக உள்ளே போகிறது, மேனிஃபோல்டில் வேக்குவம் எங்கிருந்து வரும்? லேண்ட் ரோவர்காரர்களே தங்கள் டீசலுக்குச் செர்வோ வைத்தபோது மேனிஃபோல்டில் ஒரு பட்டாம்பூச்சித் தகட்டை வைத்து வேக்குவத்தை உண்டாக்கினார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. இசுசு டீசலில் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே ஒரு சின்ன வேக்குவம் பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும். போய் பானட்டைத் திறந்து பாருங்கள். ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு மோதகம் அளவு உலோக உருண்டை, அதிலிருந்து மூன்று குழாய் வாய்: ஒன்றில் இன்ஜின் ஆயில் உள்ளே வரும், ஒன்றில் ஆயில் திரும்பி இறங்கும், பெரியது வேக்குவம். இன்ஜின் மாற்றியவர் அப்போது செர்வோ இல்லை என்பதால் வேக்குவம் வாயை போல்ட் வைத்து அடைத்திருக்கக்கூடும், ஆல்டர்னேட்டரையே வேறாக மாற்றியிருக்கவும்கூடும். ஆயில் குழாயையும் சேர்த்து அடைத்திருந்தால் பம்ப் உள்ளே தேய்ந்து போயிருக்கும், திறந்து பார்க்காமல் நம்பாதீர்கள். திரும்பும் ஆயில் தானாகக் கீழே வழிய வேண்டும், அந்தக் குழாய் எங்கும் மேலே ஏறி வளையக் கூடாது. வளைந்தால் ஆயில் தேங்கி, வேக்குவம் குழாய் வழியாக செர்வோவுக்குள் போய் சவ்வைத் தின்றுவிடும்.

வேக்குவம் மீட்டர் ஒன்று கடன் வாங்கிச் சொருகுங்கள். ஐட்லிங்கில் 20 அங்குலத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். 15 காட்டினால் செர்வோ வாங்காதீர்கள், முதலில் பம்பைப் பாருங்கள். குழாய் வேக்குவத்துக்கென்று உள்ள தடித்த குழாயாக இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸ் போட்டால் சூட்டில் இளகி உறிஞ்சிச் சப்பிவிடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. செர்வோ வாயில் செக் வால்வு இருக்கிறதா பாருங்கள். வாயால் ஊதினால் ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. இன்ஜின் நின்றபின் அந்த இரண்டு மூன்று மிதியைக் காத்து வைத்திருப்பது அதுதான்.

குழாய் வேலையில் இரண்டு எச்சரிக்கை. பழைய பைப் நட்டுகள் இன்ச் மரை, நீங்கள் வாங்கும் பம்பில் மெட்ரிக் மரை இருக்கலாம். ஒன்றில் ஒன்று இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும், சரியாகத்தான் இருக்கிறது என்று ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் பம்பின் மரை போச்சு. கையால் கடைசி வரை ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். இரண்டாவது, ஏர்-கண்டிஷன் கடைச் செம்புக் குழாய். வளைக்க லகுவாக இருக்கும், விலையும் குறைவு, பலபேர் போடுகிறார்கள். வெறும் செம்பு அதிர்வில் இறுகி, நுனியை விரித்த ஃபிளேர் விளிம்பில் வெடிக்கும். பிரேக்குக்கென்று விற்கும் 4.75 மில்லிமீட்டர் ஸ்டீல் பைப்போ செம்பு-நிக்கல் பைப்போ போடுங்கள்.

இனி இந்த வேலையில் பலர் கோட்டைவிடும் இடம். செர்வோவின் நடுவிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அது மாஸ்டர் பம்பின் பிஸ்டனைத் தள்ளும். மிதிக்காதபோது கம்பி நுனிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும், அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள். இடைவெளியே இல்லாமல் கம்பி பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருந்தால், பம்பின் உள்ளே ஆயில் திரும்பிப் போகும் சின்னத் துளை மூடிக்கொள்ளும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், திரும்ப வழி இல்லை, நான்கு பிரேக்கும் தானாகப் பிடிக்க ஆரம்பிக்கும். ஆள் கால் வைக்காமலேயே புகை வரும். இடைவெளி அதிகமானால் மிதியின் முதல் கொஞ்சம் வீண்.

இதை அளக்க என்னிடம் நல்ல கருவி எதுவும் கிடையாது. அடுப்படியில் சப்பாத்தி மாவு பிசைந்திருந்தால் சுண்டைக்காய் அளவு கிள்ளிக்கொண்டு வருவேன். கம்பி நுனியில் துளி எண்ணெய் தடவி, அதன் மேல் மாவை ஒட்டி, மாஸ்டர் பம்பை அதன் இடத்தில் வைத்து இரண்டு நட்டையும் முழுக்க இறுக்கி, மிதியைத் தொடாமல் திரும்பக் கழற்றினால், மாவு நசுங்கி நிற்கும். அதன் நடுப்பகுதி எவ்வளவு கனம் இருக்கிறதோ அதுதான் இடைவெளி. பிளேடால் ஓரத்தை வெட்டிக் கேஜால் அளந்தால் போதும். மாவு நடுவில் ஓட்டையாகிக் கம்பி நுனி தெரிந்தால் இடைவெளியே இல்லை என்று அர்த்தம், கம்பியின் நட்டைத் திருப்பிக் குறைத்து மறுபடி வைத்துப் பாருங்கள். மூன்று தடவை செய்தால் சரியாக வந்துவிடும். முடிந்ததும் மாவை ஒரு துணுக்குகூட விடாமல் துடையுங்கள், பம்புக்குள் போகக் கூடாது.

காற்று எடுப்பது 109-இல் பொறுமையைச் சோதிக்கும். மாஸ்டர் பம்பை வண்டியில் மாட்டும் முன்பே வைஸில் பிடித்து, இரண்டு வாயிலிருந்தும் சின்னக் குழாயை வளைத்து டப்பாவுக்குள் விட்டு, குமிழ் வராத வரை தள்ளித் தள்ளி நிரப்பிவிடுங்கள். வண்டியில் மாட்டியபின் ஒவ்வொரு சக்கரத்திலும் ஷூவை டிரம்மோடு ஒட்டும் வரை அட்ஜஸ்டரைத் திருப்பி இறுக்குங்கள். பிஸ்டன் அதிக தூரம் போகாது, மிதியின் முழு தள்ளலும் காற்றை வெளியேற்றப் போகும். முன்சக்கரத்தில் ஆளுக்கு இரண்டு அட்ஜஸ்டர் இருக்கிறது, ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு வந்துவிடாதீர்கள். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று தூரத்திலிருந்து பக்கத்துக்கு வாருங்கள். பிரேக் ஆயில் டாட் 4 தரம் போடுங்கள். அடைத்த டப்பாவிலிருந்து எடுத்த புதிது என்றால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பின் அது 155-க்கு இறங்கலாம். நம் ஊர் மழையில், பாதி திறந்த டப்பாவை அலமாரியில் வைத்து அடுத்த வருடம் ஊற்றினால் அதுதான் நடக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்றிவிடுங்கள்.

முடிந்ததும் அட்ஜஸ்டர்களைத் தளர்த்தி, சக்கரம் லேசாக உரசிச் சுற்றும் அளவில் விடுங்கள். இந்த டிரம்கள் தானாக அட்ஜஸ்ட் ஆகாது. மலைக்குப் போகும் வண்டியென்றால் மாதம் ஒருமுறை கீழே படுத்து ஸ்பேனரைப் போட வேண்டும். செர்வோ வந்த பிறகு இதை எல்லாரும் மறக்கிறார்கள்.

செர்வோ வேலை செய்கிறதா என்று பார்க்க: இன்ஜினை அணைத்து, மிதி இறுகும் வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு இன்ஜினை ஓட்டுங்கள். மிதி தானாக ஒரு விரற்கடை கீழே இறங்கினால் செர்வோ உயிரோடு இருக்கிறது. பிறகு காலை அழுத்தியபடியே இன்ஜினை அணைத்து அரை நிமிடம் எண்ணுங்கள், மிதி மேலே தள்ளக் கூடாது. தள்ளினால் எங்கோ காற்று கசிகிறது.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிப் பதில்தான். ரிங்லெட்டுக்கும் மேலே இருக்கும் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம், தாப்பா கிட்டத்தட்ட சமவெளி. சாமானோடு 2 டன் வரும் வண்டியை அவ்வளவு தூரம் இறக்கினால் வெளியாகும் சக்தி, 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அது காற்றுக்கும் இன்ஜினுக்கும் போனது போக மீதி எல்லாம் பிரேக் டிரம்முக்கு. 11 அங்குல டிரம் 250 டிகிரி சூடேறினால் விட்டத்தில் முக்கால் மில்லிமீட்டர் விரியும், ஷூவை விட்டு விலகிப் போகும், மிதி ஆழமாகிக்கொண்டே வரும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். செர்வோ அப்போதும் ஜம்மென்று தள்ளும், உங்கள் காலுக்கு ஒன்றும் தெரியாது. செர்வோ இல்லாத வண்டியில் கால் வலிக்கும், அதனால் மெதுவாக வருவோம். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

இன்னொன்று, முன்சக்கர ஷூ இரண்டும் முன்னோக்கி ஓடும்போது கடிக்கிற மாதிரி அமைத்தவை. வண்டி பின்னோக்கி உருண்டால் அதே பிரேக் பாதிப் பலம்கூடப் பிடிக்காது. தோட்டத்து மேட்டில் சாமானோடு ரிவர்ஸ் எடுக்கும்போது இது புத்தியில் இருக்கட்டும். ஆற்றைக் கடந்தால் டிரம்முக்குள் தண்ணீர் நிற்கும், கரை ஏறியதும் லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்துங்கள்.

தாள் வேலை: பிரேக் அமைப்பை மாற்றுவது சின்ன விஷயமில்லை, தொடங்கும் முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்தில் ஒரு தரம் கேட்டுவிடுங்கள். இன்ஜின் நம்பர் கிராண்டில் (வண்டிப் பதிவுப் பத்திரத்தில்) மாற்றிப் பதிந்திருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள், பழைய வண்டிகளில் பலபேர் அதை அப்பாவோடு விட்டுவிடுகிறார்கள். வணிக வண்டியாகப் பதிந்து சாமான் ஏற்றப் போகிறீர்கள் என்றால் 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனை வரும். அங்கே உருளை மேல் ஏற்றி இடது வலது பிரேக்கைத் தனித்தனியாக அளப்பார்கள். ஒரு பக்கம் அதிகமாகப் பிடித்தால் செர்வோ அதையும் சேர்த்துத்தான் பெருக்கிக் காட்டும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது என்றால் முதல் ஓட்டத்துக்குச் சாமான் ஏற்றாதீர்கள். விடியற்காலையில், பஸ்ஸும் காய்கறி லாரியும் ஏறும் முன், தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கண்டார் வரை போய்த் திரும்புங்கள். இறங்கியதும் சமதளத்தில் ஓரம் கட்டி, ஒவ்வொரு டிரம் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். நான்கும் சூடாகத்தான் இருக்கும், முன்னிரண்டு கொஞ்சம் கூடுதலாக. ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிஸ்டன் ஒட்டுகிறது அல்லது அட்ஜஸ்டர் இறுக்கம். நான்குமே அனலாக, மிதியும் உயரமாகக் கல் போல நின்றால் மறுபடி சப்பாத்தி மாவு பிசைய வேண்டியதுதான்.